மெழுகுதிரிப் புகையில் ஒரு சன்னம்

சிசிலியில், கபோ சந்தைக்குப் பின்னால் வேட்டைத் துவக்குகள் திருத்தும் கடையொன்றில் எனக்குக் கூட்டித் துடைக்கும் வேலை கிடைத்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கொழும்பு, மொஸ்கோ, ஒரு லொறியின் தரை என்று வந்து சேர்ந்தவன் நான். கடைக்காரக் கிழவர் எந்த நாடு என்று மட்டும் கேட்டார். யுத்தம் நடக்கிற நாட்டுக்காரனுக்குத் துவக்கு பழக்கமாகத்தான் இருக்கும் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். அவருடைய கடையில் வேலை இருந்தால்தான் என் பெர்மெஸ்ஸோவை, தங்கியிருக்கும் அனுமதியை, புதுப்பிக்கலாம். ஆகவே நான் வாய் திறக்கவில்லை.

உண்மையில் நான் துவக்கைத் தொட்டதே இல்லை. அதன் வாயைப் பார்த்திருக்கிறேன், சோதனைச் சாவடியில், நெஞ்சுக்கு நேரே.

அல்பெர்கேரியாப் பகுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த மன்னார்க்காரர் சிஞ்ஞோரா ஒருத்தியின் வீட்டில் சமையல்கட்டுக் கழுவினார். அவருக்கு நான் நல்ல பகிடி.

"துவக்குக்குப் பயந்து ஓடிவந்தவன் துவக்குக் கடையிலை விளக்குமாறு பிடிக்கிறான்!"

"துவக்கு அலுமாரிக்கை நிக்குது அண்ணை. நான் நிலத்தைத்தான் கூட்டுறன்."

"எல்லாத் துவக்கும் முதல் அலுமாரிக்கைதான் நிண்டது, தம்பி."

ஒருநாள் காட்டுப்பன்றி வேட்டைக்காரர் ஒருவர் தன் துவக்கைக் கொண்டுவந்தார். வழக்கத்தைவிட நீளமான, பாரமான சன்னங்களை அதில் சுட வேண்டுமாம். மருந்தும் சன்னமும் சேர்ந்த ரவை இருக்கும் அறைக்கும் குழலின் முறுக்கு வரிகளுக்கும் நடுவே ஒரு சிறிய வழி உண்டு. கிழவர் அதைத் தொண்டை என்பார். நீளச் சன்னம் அந்தத் தொண்டைக்குள் அடங்காமல் வரிகளில் முட்டி நின்றால், சுடும்போது உள்ளே அழுத்தம் எகிறும். துவக்கு சுடுபவரின் முகத்திலேயே வெடிக்கலாம். அதனால் தொண்டையைச் சீவி நீட்ட வேண்டும்.

வேலை செய்தவரே முதல் வெடியைச் சுட்டுப் பார்ப்பது கிழவரின் வழக்கம். கன்னத்தைத் துவக்கின் கட்டையில் பதித்துத்தான் சுடுவார். விசையில் கயிறு கட்டித் தூர நின்று இழுப்பது தன் கையைத் தானே நம்பாதவனின் வேலை என்பார். ஆனால் அந்த வருடம் அவர் இரண்டு கண்ணிலும் வெண்படலம் விழுந்திருந்தது. வாடிக்கையாளர்களுக்குத் தெரியாது. மேசையில் கிடந்த திருகாணியை அவர் தடவித் தேடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

மத்தியானம் கடையைப் பாதி இழுத்து மூடிவிட்டுத் தொடங்கினோம். குழலைக் கழற்றி இடுக்கியில் இறுக்கியிருந்தார். சீவும் கம்பியை உள்ளே விட்டுக் கையாலேயே மெல்லத் திருப்பினார். வெளியே எடுத்து இரும்புத் தூளைத் துடைத்தார். பிறகு என் முறை. மருந்தில்லாத வெற்று ரவையில் நீளச் சன்னத்தைப் பொருத்தி வைத்திருந்தார். அதை மெழுகுதிரிப் புகையில் கறுப்பாக்கி, அறைக்குள் தள்ளி, இழுத்துப் பார்க்க வேண்டும். வரிகளில் முட்டியிருந்தால் கரி உரிந்து செம்பு மினுங்கும்.

முதலில் நான்கு பக்கமும் கீறல். அடுத்த தரம் குட்டைக் கீறல். கூடச் சீவினால் குழல் பாழ், ஒட்ட வைக்க முடியாது. குறையச் சீவினால் அவர் முகம்.

பிறகு ஒரு தரம் எனக்கே விளங்கவில்லை. கரியில் ஏதோ மங்கல். வரி பட்டதா, என் விரல் பட்டதா?

"என்ன, துப்புரவோ?" என்றார். அவர் சிசிலியனில் கதைத்ததை எங்கள் பேச்சில்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் சன்னத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"நீ சண்டைக்குள்ளாலை வந்தவன். உனக்குத் தெரியாததோ? சொல்லு."

தெருவால், மாஃபியாவை அடக்க நகரில் இறக்கியிருந்த சிப்பாய்களின் வண்டி ஒன்று போனது. அது போய் முடியும்வரை பொறுத்தேன்.

"மாயெஸ்த்ரோ, எனக்குத் தெரியாது. நான் துவக்குப் பிடிச்சதே இல்லை."

அவர் கை நின்றது.

"இவ்வளவு நாளும் சொல்லேல்லையே?"

"நீங்கள் கேக்கேல்லை."

"அப்ப உங்கடை நாட்டிலை ஆர் சண்டை பிடிக்கிறது?"

"மற்ற ஆக்கள். நான் ஓடின ஆள்."

அவர் சிரிக்கவில்லை. ரவையை என்னிடமிருந்து பறித்துக் கரியை ஏப்ரனில் துடைத்தார். இடுக்கியைத் தளர்த்திக் குழலை எடுத்து, ரவையைப் பெருவிரலால் உள்ளே அழுத்தினார். பிறகு அறைப்பக்கம் கீழே வரும்படி பிடித்து, மறு கையை அதன் கீழே ஏந்தினார். எதிலும் முட்டாவிட்டால் தன் பாரத்தில் விழ வேண்டும்.

விழவில்லை.

மேல் வாயால் மரக்கோலை விட்டுத் தட்டினார். டிக் என்று ஒரு சத்தம், வரியில் சிக்கியிருந்த ரவை அதன் பிறகுதான் உள்ளங்கைக்கு வந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் குழலை மறுபடி இடுக்கியில் இறுக்கினார். கொஞ்சம் சீவுவார், கவிழ்ப்பார், கை ஏந்துவார். கடைசியில் அது தானாக விழுந்தது. திரும்பவும் போட்டுக் கவிழ்த்தார். திரும்பவும் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்துச் சுடும் திடலுக்குப் போனோம். வழி முழுக்க அவர் என்னோடு கதைக்கவில்லை. என்னைக் கல்மதிலுக்குப் பின்னால் போகச் சொல்லிக் கை காட்டினார். கயிறு கட்டச் சொல்லிக் கேட்கலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவர் கன்னத்தைக் கட்டையில் வைத்துவிட்டார்.

சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தபோது நான் நிலத்தில் கிடந்தேன். வாய்க்குள் மண். இரண்டு கையும் தலைக்கு மேலே. விழுந்தது நினைவில்லை. நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது.

சப்பாத்துகள் என் பக்கத்தில் வந்து நின்றன. முகத்தைப் பார்த்தேன். முழுசாக இருந்தது.

"எழும்பு," என்றார். "இப்ப நம்புறன், நீ துவக்குப் பிடிச்சதில்லை."

சட்டையைத் தட்டிக்கொண்டே கேட்டேன். "நாளைக்கு வேலைக்கு வரட்டோ?"

"பின்னை ஆர் கூட்டுறது?" அடுத்த ரவையை எடுத்தார். "இப்ப காதைப் பொத்து."