கீழே இறங்கிய கோடு

பொருளாதாரம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன் நான். ஜொகூர் பாருவில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவ மாணவர்களுக்கு ஆண்டுதோறும் அதே படத்தைத்தான் பலகையில் வரைவேன். நாட்டு வருமானத்தில் விவசாயத்தின் கோடு மேலிருந்து இறங்கும், தொழிற்சாலையின் கோடு ஏறி நிற்கும், சேவைத்துறையின் கோடு எல்லாவற்றையும் தாண்டிப் போகும். வரைந்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அந்தப் படம் யாரையாவது சுடும் என்று போன தீபாவளிவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

அன்று லாபிஸில் அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. அப்பா இறந்த பிறகு எண்ணெய் எடுக்கும் எங்கள் செம்பனைத் தோட்டத்தைக் கட்டிக் காத்தது அக்காதான். குலைகளை விற்றுத்தான் என்னையும் தம்பியையும் படிக்கவைத்தார். இப்போது மரங்களுக்கு வயதாகிவிட்டது. வெட்டிவிட்டுப் புதிதாக நடுவதா, நிலத்தையே விற்றுவிடுவதா என்று மனசு ஒரு நிலையில் இல்லாமல் இருந்தார்.

தம்பிக்கு செனாயில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. அவனுக்கு வாய் சும்மா இருக்காது. என் பையிலிருந்த பாடப்புத்தகத்தைப் புரட்டியவன், அந்தப் படத்தை அக்காவிடம் நீட்டினான்.

"அக்கா, இந்த இறங்குற கோடுதான் நீங்க. மேல போறதெல்லாம் நாங்க. செம்பனை ஹாபிஸ் லா, முடிஞ்சுபோச்சு!"

எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. கரண்டியைக் கறிச்சட்டியிலேயே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப வித்துடலாமா?"

எனக்கு வந்ததே கோபம்!

"டேய், அந்தக் கோடு காட்டுறது பங்குடா, அளவு இல்ல. முன்ன இந்தச் சட்டியில அக்கா போட்ட கோழி மட்டும்தான். இப்ப நீ ரெண்டு போடுற, நான் ரெண்டு போடுறேன். அதுக்காக அக்கா கோழி இளைச்சுப்போச்சா? நாட்டுக் கதையும் இதுதான். ரப்பரும் செம்பனையும் சம்பாதிச்சுக் குடுத்துதான் ரோடு வந்துச்சு, பள்ளிக்கூடம் வந்துச்சு, அப்புறம்தான் உன் ஃபேக்டரி. நீ ஏறி நிக்கிறது அக்கா தோள்மேல!"

வகுப்பில் இத்தனை வருஷத்தில் நான் இவ்வளவு நன்றாகப் பாடம் நடத்தியதில்லை. நாட்டின் மூன்று துறைகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கின்றன என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது. சொல்ல முடியாத பெருமையாக இருந்தது. தம்பி புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "ஸாரிக்கா," என்றான்.

அக்கா எங்கள் தட்டுகளில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். தானும் சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"வெட்டிட்டு நடப் போறேன்," என்றார். "புதுக் கன்னு காய்க்க மூணு வருஷம் ஆகும். அதுவரைக்கும் நாட்ட நீங்க ரெண்டு பேரும் பாத்துக்குங்கடா."