மூச்சு ஓட்டைகள்

அறுநூறு வருடத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு போர்வீரன், அன்று காலை முட்டைக்கோஸ் தின்றானா, பட்டினியாகக் குதிரை ஏறினானா என்று, அவன் தலைக்கவசத்தின் படத்தைப் பார்த்தே சொல்லிவிடக்கூடிய ஒரே மனிதர் எங்கள் ஊர்ப் பேருந்து ஓட்டுநர் வெண்டலின் ருக்டெஷெல்தான். ஜெர்மனியில் மட்டுமில்லை, சூரியன் உதிக்கிற இடமெல்லாம் தேடினாலும் இரண்டாவது ஆள் கிடையாது.

விடுமுறை நாளெல்லாம் சர்ச் சர்ச்சாகப் போவார். சுவரோவியம், கல்லறைச் சிற்பம், எதில் இரும்புத் தலை தெரிந்தாலும் மூக்கு இடிக்கும்வரை நெருங்கிப் பார்ப்பார். பார்த்ததைத் தகட்டில் அடித்து எடுப்பார். திருவிழா ஊர்வலத்தில் எங்கள் போர்வீரர் வேடச் சங்கம் மாட்டிக்கொண்டு நடப்பதெல்லாம் அவர் படித்த தலைகள்தான். அவருக்கு ஐம்பத்தெட்டு, எனக்குப் பதினாறு. ஆனாலும் சங்கத்தில் எல்லோருக்கும் எல்லோரும் நீ, வா, போதான்.

அவருடைய செல்லம் எங்கள் சர்ச் பலிபீடத்து மரச்சிற்பம். இயேசுவின் கல்லறைக்குக் காவலிருக்க வேண்டிய வீரன் தூங்குகிறான். அவன் தலைக்கவசத்தின் வலது கன்னத்தில் மட்டும் சின்னச் சின்ன ஓட்டைகள்.

"ஈட்டி எப்பவும் இடது பக்கம்தான் வந்து இடிக்கும். அங்க ஓட்டை போட்டா தகடு கிழிஞ்சிடும். அதான் மூச்சு விட வலது பக்கம்" என்பார்.

காகிதம் வைத்துத் தேய்த்து, ஓட்டைக்கு ஓட்டை படி எடுத்தார். வரிசை தப்பித் தாடையோரம் தனியாக நின்ற ஒன்றுக்குக்கூட அவரிடம் காரணம் இருந்தது: சங்கிலி மாட்ட. சங்கமே தங்கள் கவசங்களில் அதேபோலத் துளைத்துக்கொண்டது. நான் மட்டும் சோம்பேறி, துளைக்கவில்லை.

திருவிழாவுக்கு முந்தின வாரம், சிற்பத்தைச் சீர்செய்ய நியூரம்பர்க்கிலிருந்து ஒரு அம்மா வந்தார். சங்கம் வேடிக்கை பார்க்கக் கூடியது. வெண்டலின் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து ஓட்டைகளை விளக்கினார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, வீரனின் கன்னத்தில் லேசாகத் தட்டினார். ஓட்டைகளிலிருந்து மாவு மாதிரி மரத்தூள் கொட்டியது.

"புழு ஓட்டைங்க. மரத்தைத் தின்னிருக்கு. இந்தப் பக்கம் ஜன்னல், ஈரம் படுது. அதான் இங்க மட்டும்."

"அந்தத் தாடை ஓட்டை?" வெண்டலினின் குரல் சிறுத்துப்போயிருந்தது.

"அதுவும் புழுதாங்க."

"அப்போ புழுவைத்தான் சங்கிலி போட்டுக் கட்டி வெச்சிருந்தாங்களா, வெண்டலின்?" என்றான் சங்கப் பொருளாளர் லோரென்ஸ்.

சிரிப்பு கூரையில் போய் இடித்தது. என் சிரிப்புதான் எல்லாவற்றிலும் சத்தம். வெண்டலினும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. கழுத்திலிருந்து ஏறிய சிவப்பு காது நுனியில் போய் நின்றது. கையிலிருந்த தொப்பியைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்த பிறகு என் சிரிப்பை எங்கே கொண்டுபோய் ஒளிப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாளே எல்லோரும் ஓட்டைகளை ஈயம் வைத்து அடைக்க ஆரம்பித்தார்கள். பீர்க்கடை கிரெஸ்ஸென்ஸ் வெண்டலினின் மேஜையில் கேலிக்குப் பூச்சி உருண்டை வைத்தாள்.

"ஊர்வலத்துக்கு நான் வரலை. ஞாயித்துக்கிழமை எனக்கு டூட்டி" என்றார் வெண்டலின்.

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை பேருந்தே கிடையாது. எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிறு காலை அவர் வீட்டுக்குப் போனேன். ஓட்டுநர் சீருடையில் வந்து கதவைத் திறந்தார். என் கையிலிருந்த கவசத்தைப் பார்த்தார்.

"உன்னோடதுல ஏது ஓட்டை, ஸ்வென்யா?"

"போன மாசமே போட்டேன். நீதான் கவனிக்கலை. அடைக்க நேரமில்லை, அப்படியே மாட்டிட்டு நடக்கப்போறேன்."

வாங்கினார். வெளிச்சத்துக்குத் திருப்பினார். மூக்கு இடிக்கும்வரை நெருங்கி, ஓட்டைகளின் உள்விளிம்பில் விரலை ஓட்டினார்.

"பிசிறு இன்னும் பளபளங்குது. நேத்து போட்டது. அதுவும் இடது கன்னத்துல. போட்டோவைப் பாத்துத்தானே போட்ட? அதுல அந்த வீரன் உன்னைப் பாத்துட்டு இருக்கான், அவனோட வலது உனக்கு இடதாத் தெரிஞ்சிருக்கு. அப்படியே போட்டுட்ட."

என் காது சூடேறியது.

அவர் சீருடையின் மேல் பொத்தானைக் கழற்றினார். அலமாரியிலிருந்து அரத்தை எடுத்தார், அதன் பின்னாலிருந்த தன் கவசத்தையும்.

"உக்காரு. பிசிறை அராவலைன்னா கன்னத்தைக் கிழிச்சிடும். புழுகூட இவ்வளவு அவசரமாத் துளைக்காது, கழுதை."