பதினேழாம் எண்

ரவாங் நகரில் என் பக்கத்து வீட்டுக்காரர் நேற்று மதிலுக்குச் சுண்ணாம்பு அடித்தார். அந்த ஈர வாடை சன்னல் வழியாக வந்ததும், கையிலிருந்த கோப்பி ஆறுவதுகூடத் தெரியாமல், எண்பதுகளில் நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்து லயத்துக்கு, அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் போய்விட்டேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் லயம் முழுக்க இதே வாடைதான். தகர டின்னில் சுண்ணாம்பு கொதிக்கும், அதில் அம்மா கொஞ்சம் நீலம் கரைப்பாள், நசுக்கிய தேங்காய் மட்டை பலகைச் சுவரில் சரக் சரக்கென்று ஏறி இறங்கும், எங்கள் முழங்கை வரை வெள்ளை வழியும்.

நாங்கள் அங்கே இருந்த கடைசி வருடம் வீடு கட்டி விற்கும் கம்பெனி ஒன்று தோட்டத்தை வாங்கியிருந்தது. அவர்களுடைய ஆட்கள் ஒவ்வொரு வாசலோரமும் சிவப்புச் சாயத்தில் ஓர் எண் எழுதிப்போனார்கள். எங்களுக்குப் பதினேழு. கட்டப்போகும் கல்வீடுகளில் நமக்கான எண் அது என்று லயமே நம்பியது.

"நம்பர் மேல பட்டுறப் போவுது, பாத்து அடி லா," என்று என்னை விலக்கிவிட்டு, விரலில் துணியைச் சுற்றி, அந்த ஒன்றையும் ஏழையும் சுற்றி அம்மாவே பூசினாள்.

கல்வீடுகள் பிறகு எழும்பத்தான் செய்தன. பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுத்துவந்த அப்பா, விலையை விசாரித்துவிட்டு, வாங்க வழியில்லாமல் திரும்பி வந்தார்.

அந்த எண்கள் லயத்தை இடிப்பதற்கான வரிசை. இயந்திரத்தோடு வந்தவன் பதினேழைத் தேடவே இல்லை. அம்மா அதை அவ்வளவு பளிச்சென்று வைத்திருந்தாள்.