மட்டாஞ்சேரியில் தண்ணீர் குடித்த கூரை

மட்டாஞ்சேரியின் பழைய வீடுகளில் அறை எடுத்துத் தங்கலாமா என்று பலர் கேட்கிறீர்கள். நான் அங்கே போனது எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு ஆனி மாதம். ஊர் பார்க்க அல்ல. ஒரு வீட்டின் கான்கிரீட் கூரை தாங்குமா என்று சோதிக்க. வீட்டுக்காரர் அழைத்திருந்தார்.

கோவையிலிருந்து எர்ணாகுளம் ரயிலில் ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். அங்கிருந்து படகு, அரை மணி நேரம், கட்டணம் சில்லறைதான். அந்த ஆனி மழையில் குடை வைத்திருப்பவனும் இல்லாதவனும் ஒன்று.

வீட்டில் மாணிக்கம் என்ற தமிழர், தம் மனைவி, மூன்று பிள்ளைகளோடு வாடகைக்கு இருந்தார். வள்ளம் என்னும் மரப்படகுகளுக்கு முந்திரித்தோட்டு எண்ணெய் பூசுவது அவர் தொழில். சோதனை எளிது. கூரையில் வெட்டிய துண்டை அடுப்பில் காயவைத்து எடை போட வேண்டும். பிறகு தண்ணீரில் ஊறவைத்து மறுபடி எடை. நிறையக் குடித்தால் உள்ளே கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். மழை வலுத்ததால் துண்டுகளை அவரிடமே விட்டு, மறுநாள் எர்ணாகுளத்துச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். அடுப்பைத் திறந்தால் புகை கண்ணைக் கரித்தது. யாரோ எண்ணெய் பூசியிருக்கிறார்கள்.

எரிச்சலோடு திரும்பிப் போய்க் கேட்டேன். மாணிக்கம் மறைக்கவில்லை.

"நான்தான் சாரே பூசினது. வள்ளத்துக்குப் பூசினா வெள்ளம் கேறாது, ஒரு சொட்டுத் தண்ணி உள்ளே போகாது. கூரை தோத்துப்போச்சுன்னா நாங்க எங்கே போறது?"

தேர்வுக்குப் போகும் பிள்ளைக்குத் திருநீறு பூசுவதுபோலப் பூசியிருக்கிறார். சிரிப்பு வந்தது.

புதிதாக வெட்டிய துண்டுகள் தம் எடையில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் குடித்தன. நல்ல கான்கிரீட் அதில் பாதிகூடக் குடிக்காது. சிமெண்டைக் குறைத்துத் தண்ணீரைத் தாராளமாக விட்டுக் குழைத்த புண்ணியவான் யாரோ. உடனே காலி செய்யச் சொன்னேன்.

மாணிக்கம் மனைவியையும் பிள்ளைகளையும் பாலக்காட்டில் உறவினர் வீட்டுக்கு அனுப்பினார். அவர் மட்டும் போகவில்லை. வாடகை வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் உரிமை போய்விடும், ஓராளாவது உள்ளே படுத்திருக்க வேண்டும் என்பது அங்கே குடியிருப்பவர்களின் கணக்கு.

"விட்டா பின்னே கிட்டாது சாரே" என்றார்.

கெஞ்சினேன், திட்டினேன். விழலுக்கு இறைத்த நீர். கர்க்கடகம் என்று அங்கே சொல்லும் ஆடி மாத மழையில் கூரை விழுந்தது, அவர் மேல். அவர் இறந்த செய்தி கோவைக்கு வந்தது.

ஆகவே, மழைக்காலத்தில் அங்கே தங்குவதைத் தவிருங்கள். தங்கினால் பெட்டியை வைக்கும் முன் கூரையை நிமிர்ந்து பாருங்கள். துருக்கோடு தெரிந்தால், சிமெண்ட் உதிர்ந்தால், முன்பணம் போனால் போகிறது, எல்லோரும் வெளியேறுங்கள். இடம் பிடித்துவைக்க ஒருவரையும் விட்டுவராதீர்கள். மாணிக்கத்தின் மனைவி பிள்ளைகளோடு திரும்பி வந்தபோது, அந்த இடத்தில் அவர்களுக்கு உரிமை இல்லை என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். கூரை விழுந்தபின் உள்ளே யாரும் குடியிருக்கவில்லையாம்.