ஆணியில் தொங்கிய சட்டை

“…எரிச்சுட்டேன்னு இன்னொரு தடவ சொல்லாத தம்பி. எரிச்சிருந்தா ரப்பர்ப் பால் கருகுன நாத்தம் ஊரு முழுக்க வந்திருக்கும். சட்டைய நீ என்ன செய்தன்னு மட்டும் சொல்லு.”

இரண்டு வருடத்துக்கு முந்தின கோடையில், பெருங்கடவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில், அடுக்களை வாசலில் நின்று மைனி என்னிடம் இதைக் கேட்டார். மைனி என்றால் என் அண்ணன் மனைவி. அண்ணன் இறந்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது.

அண்ணனுக்கு ரப்பர் பால்வெட்டு வேலை. விடியும் முன்னே தோட்டத்துக்குப் போவார், வெயில் ஏறும்போது திரும்புவார். பால் பட்ட துணி எந்தச் சோப்புக்கும் வெளுக்காது. அதனால் வேலைக்கென்று ஒரே ஒரு சட்டை. வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற கொட்டகையில் ஓர் ஆணி உண்டு, அதில்தான் அது தொங்கும். அன்றைக்கும் வந்து அதைக் கழற்றி மாட்டிவிட்டு, குளித்து, கஞ்சிக்கு உட்கார்ந்தார். நெஞ்சைப் பிடித்தார். காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

எனக்கு வயரிங் வேலை. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஆனால் போகிற வீடுகளில் மனுசர் பேசுவதைக் கேட்டு மனசில் வைத்துக்கொள்ளுகிற பழக்கம் உண்டு. அப்படிப்பட்ட நான், சொந்த வீட்டில் ஒருத்தர் ஒன்றும் சொல்லாமல் இருந்ததைக் கேட்காமல் போனேன்.

பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்கு முடிந்து வீட்டை ஒதுக்கிக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு பெண்பிள்ளை பையோடு வந்தது. தனுவச்சபுரம் பக்கம் வீடு, திருவனந்தபுரத்தில் சித்திரம் படித்ததாம். பால்வெட்டுக்காரர்களின் பழைய சட்டைகளைச் சேர்க்கிறது. பழைய சட்டை கொடுத்தால் பதிலுக்கு ஒரு புதுச் சட்டை தருகிறது. நான் யாரிடமும் கேட்கவில்லை. புகைக் கொட்டகைக்குப் போனேன், ஆணியிலிருந்து எடுத்தேன், கொடுத்தேன். போனவருடைய பழந்துணி, கழிக்க வேண்டியதுதானே என்றுதான் நினைத்தேன்.

சாயந்திரம் மைனி ஆணியைப் பார்த்துவிட்டுச் சட்டையைக் கேட்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. “அண்ணன் படுத்த பாயோட சேத்து எரிச்சாச்சு மைனி” என்றேன். அவர் கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனார். அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்கு அந்தப் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். “சட்ட கொள்ளாம் மக்கா, ஒனக்கு நல்லா இருக்கு” என்றார் மைனி. நான் பந்தியிலிருந்து பாதியிலேயே எழுந்துவிட்டேன்.

மே மாதத்தில் பக்கத்துத் தோட்டத்து வெட்டுக்காரர் ஒருவர் என்னை வழியில் நிறுத்தினார். “எலே, நம்ம சட்டையெல்லாம் திருவனந்தபுரத்துல காட்சிக்கு வச்சிருக்காம். நாம போனா உள்ள விடுவானோ என்னமோ, சட்டைக்கு ஏசி போட்டுக் குடுத்திருக்கான்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே மைனியிடம் போய், “அந்தச் சட்ட…” என்று தொடங்கினேன். அப்போது அவர் சொன்னதுதான் மேலே எழுதியது.

உள்ளதைச் சொன்னேன். புதுச் சட்டையின் கதையையும் சொன்னேன். மைனி திட்டவில்லை, அழவில்லை. கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தார்.

“அவரு கை மடக்கி வச்சபடி இருந்த சட்டையாக்கும் அது. அண்ணைக்குக் காலத்த வேலைக்குப் போவும்போ அவரு மடக்குனது. அதுனாலதான் நான் தொடாம வச்சிருந்தேன். நாளைக்குப் போய் எடுத்துட்டு வருவோம்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சட்டை முழுக்கப் பால்கறை ஏறி விறைத்திருந்தது. சட்டைக் கையை அண்ணன் தினமும் ஒரே இடத்தில்தான் மடக்குவார்; அன்றைக்கு மடக்கிய மடக்கு, பாலோடு ஒட்டி அப்படியே நின்றுபோயிருந்தது. அண்ணனின் கை செய்த வேலையில் அந்த வீட்டில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் பாறசாலையில் பாசஞ்சர் ஏறினோம். அந்தக் காட்சி எந்த இடத்தில் என்று எனக்குத் தெரியாது. கோடை என்பதால் பல ஓவியக் காலரிகளிலும் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வைக்கிற காட்சி நடக்கிறது என்று ஓர் ஆட்டோக்காரர் சொன்னார். ஒவ்வொன்றாகப் போனோம். முதல் இடத்தில் வாசலிலேயே செருப்பைக் கழற்றினோம். “வேண்டாம் சேச்சி, போட்டுக்கிடலாம்” என்றார் காவல்காரர். மைனி போட்டுக்கொள்ளவில்லை.

உள்ளே ஒரு சுவர் அளவுக்குக் கறுப்பு நிறம் மட்டும் பூசிய படம். அதன் முன்னால் மைனி கொஞ்ச நேரம் நின்றார். “இதுல ஒண்ணுமே இல்ல. ஆனா நகரத் தோணல்ல பாரு” என்றார். இரண்டாவது இடத்தில், கூரையிலிருந்து நூற்றுக்கணக்கில் வயர்கள் தொங்கி, முனையில் பல்புகள் மினுங்கின. நான் வாயைப் பிளந்து பார்த்தேன். “வீட்டுல குளிமுறி லைட்டு ஒரு வருசமா எரியல்ல. இத நின்னு பாரு” என்றார். அந்த மூன்று மாதத்தில் அவர் என்னைப் பழையபடி குத்திப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்குப் பாதி உயிர் வந்தது போல இருந்தது.

மூன்றாவது காலரியின் கண்ணாடிக் கதவைத் திறந்ததும் மைனி நின்றுவிட்டார். நான் இன்னும் எதையும் பார்க்கவில்லை.

“வந்தாச்சு” என்றார்.

ஏசிக் குளிரோடு சேர்ந்து அந்தப் புளித்த ரப்பர்ப் பால் வாசம் வந்தது. உள் அறையில் மூங்கில் கம்புகளைக் கட்டி, ரப்பர் ஷீட் காயப் போடுவது போலவே சட்டைகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். எல்லாம் ஒரே பழுப்பு நிறம். எல்லாச் சட்டைகளின் கைகளும் முழுக்க நீட்டி விடப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்றில் மட்டும், இரண்டு கைகளிலும் முழங்கைக்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்குப் பளிச்சென்று நீலம். அதன் முன்னால்தான் ஆள்கள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மைனி அதன் முன்னால் போய் நின்றார். நான் பின்னால் நின்றேன்.

அந்தப் பெண்பிள்ளை என்னை அடையாளம் கண்டு ஓடி வந்தது. முகமெல்லாம் சந்தோசம். “மாமி, எல்லாரும் இதைத்தான் கேக்காவ. கை மடக்கு ஒட்டிப் பிடிச்சு இருந்து. ஆவி காட்டி, பைய பைய விரிச்சேன், ரெண்டு நாளாச்சு. உள்ள பாத்தா இந்த நீலம்! வெயிலும் படல்ல, பாலும் படல்ல. வாங்குன நாள்ல இருந்த மாதிரி.”

மைனி திரும்பவில்லை. “அந்த மடக்கு அவரு மடக்குனதாக்கும் மக்கா” என்றார். அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சட்டை இறந்துபோனவருடையது, அவர் மனைவியிடம் நான் கேட்கவே இல்லை, குற்றம் உன்னுடையது இல்லை, என்னுடையது. எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள் போனைக் கீழே இறக்கினார்கள். பிள்ளையின் கண் நிறைந்துவிட்டது. “எனக்கு அறியாது மாமி… இப்பமே எடுத்துத் தாறேன். கொண்டு போங்க” என்று சட்டையைக் கம்பிலிருந்து எடுக்கப் போனது.

நான் தலை குனிந்து நின்றேன். எடுத்துக்கொண்டு போய் என்ன பயன்? மடக்கை நான் தொலைத்தாயிற்று. புதுச் சட்டை தைத்துத் தரலாம், பழையதைத் திரும்பக் கொண்டு வரலாம், ஒருவர் விரல் விட்டுப்போன மடக்கை யார் தருவார்?

இன்றைக்கும் ஒரு வீட்டுக்குள் வயரிங் செய்யப் போகும்போது சுவரில் ஆணியில் ஏதாவது தொங்கினால், ஒரு பழைய குடையோ, கிழிந்த துண்டோ, நான் அதை எடுத்து ஓரம் வைப்பதில்லை. யாருடையது என்று கேட்பேன். பதில் சொல்லுகிறவர் ஒரு நொடி தயங்கினால், அந்த ஆணியைத் தொடாமல் வயரைச் சுற்றுவழியில் கொண்டு போவேன். பத்தடி வயர் கூடப் போகும், போகட்டும். ஒரு வீட்டில் எது வெறும் சாமான், எது மனுசர் என்று வெளியிலிருந்து வருகிறவனுக்குத் தெரியாது. அதே வீட்டில் பிறந்த எனக்கே தெரியவில்லையே.

அன்று மைனி அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துத் தடுத்தார். “எடுக்காத மக்கா. கெடக்கட்டு” என்றார். பிறகு முந்தானையில் இரண்டு கைகளையும் நன்றாகத் துடைத்துக்கொண்டு, சட்டையின் இடது கையைப் பிடித்தார். விறைத்த துணி மொடமொடவென்று சத்தம் போட்டது. ஒரு மடக்கு, இரண்டு மடக்கு, மூன்றாவதை மட்டும் கொஞ்சம் சரித்து, அண்ணன் மடக்குகிற அதே மாதிரி முழங்கை வரைக்கும் மடக்கினார். அந்தப் பக்கத்து நீலம் உள்ளே போய் மறைந்தது. அது நிற்குமா என்று விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

வலது கைக்கு வந்தபோது நின்றார். நீலத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

“வாங்குனப்ப இந்த நெறமாக்கும். நெய்யாற்றின்கரைக் கடையில நானாக்கும் எடுத்துக் குடுத்தேன். மறந்தே போச்சு” என்றார். “இந்தக் கை இப்படியே கெடக்கட்டு, வாறவங்க பாக்கட்டு. காட்சி முடிஞ்ச பெறவு வீட்டுக்குக் கொண்டு வந்து தா. அந்த ஆணி அங்கதான் உண்டு.”

சொல்லிவிட்டு, மடக்காத அந்த வலது கையை, ஒரு மனுசரின் கையை விடுவது போல மெதுவாகத் தொங்க விட்டார்.