ஓடுபாதையில் ஒரு கல்

கும்மிடிப்பூண்டி பட்டறையில் இன்று எவனோ மண்ணெண்ணெய் ஊற்றி இயந்திரம் கழுவினான். விமானத்தின் வாடையும் அதேதான். எனக்குப் பழைய கோபம் வந்துவிட்டது. எங்கள் சேரியை ஒட்டி, இப்போது கன்டெய்னர் லாரிகள் நிற்கிற இடத்தில், வங்கதேசப் போர் சமயம், ஓடுபாதை இருந்தது. மெக்கானிக்குகள் எண்ணெய்க் கையோடு வானத்தையே பார்த்துக்கொண்டிருக்க, எங்கள் சேரிப் பெண்கள் வரிசையாகக் குனிந்து, சக்கரத்தைக் கிழிக்கிற கல்லையெல்லாம் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டே போவார்கள். ஓடுபாதையில் ஆளுக்கொரு பங்கு. எவள் பங்கில் டயர் வெடிக்கிறதோ, அவளுக்கு வேலை போய்விடும்.

ஒருநாள் விமானம் இறங்கப்போகிறது என்று சைரன் ஊதி எல்லோரும் ஓரம் வந்த பிறகு, விமானம் தாழ்ந்து வரும்போது, அம்மா திரும்ப ஓடுபாதைக்குள் ஓடினாள். வேலிக்கு வெளியே நின்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை, அத்தனை இரைச்சல். அவள் ஓரத்தில் வந்து விழவும் சக்கரம் தரையைத் தொடவும் சரியாக இருந்தது.

"சாவறதுக்கு இன்னா அவசரம் உனுக்கு?" என்று கத்தினான் மேஸ்திரி.

அம்மா உள்ளங்கையைத் திறந்து கருங்கல் சில்லைக் காட்டினாள். "என் பங்குல கெடந்துது மேஸ்திரி. வெடிச்சிருந்தா என்னியத்தான கேட்டிருப்பீங்க?"

விமானி இறங்கியதும் எல்லோரும் அவரோடு கை குலுக்கினார்கள். சைரனுக்குப் பிறகு உள்ளே போனாள் என்று சொல்லி, அம்மாவை அன்றே வேலையை விட்டுத் துரத்தினார்கள்.