சம்பந்தியின் வலது கண்ணும் ஒன்பது வாளிக் காசும்

என் மகளின் மாமியார் ஒரு பழைய நாணயக் கடையில் வேலை பார்க்கிறார். என்ன வேலை என்று யாராவது கேட்டால் "காசு பாக்கறேன்" என்பார். கேட்டவர்கள் கணக்கெழுதும் வேலை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். கணக்கெல்லாம் இல்லை. உட்கார்ந்து காசைப் பார்ப்பதுதான் வேலை.

எனக்கு அவர் சம்பந்தி, அவருக்கு நான் சம்பந்தி. பதினாறு வருஷமாக இந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, "ங்க" குறையாமல் ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டு வருகிறோம்.

கடை சின்னது. முன்பக்கம் கண்ணாடிப் பெட்டி, நடுவில் சம்பந்தியின் மேசை, பின்னால் சாமான் அறை. வண்டி நிறுத்துமிடத்து இயந்திரங்களில் விழுந்தது, காலி செய்த வீடுகளில் ஜாடி ஜாடியாகக் கிடைத்தது என்று மூட்டைக் கணக்கில் பழைய காசு வரும். கடைக்காரர் எடைக்கு எடுப்பார். சேகரிப்பவர்கள் தேடுகிற காசை அதிலிருந்து பிரித்தெடுப்பது சம்பந்தியின் பொறுப்பு. மிச்சம் ஒரு வாளிக்குள் போகும். வாளி நிறைந்தால் மேலே ஒரு நாடா ஒட்டித் தேதி எழுதிப் பின்னறையில் வைத்துவிடுவார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உலோக வியாபாரி வந்து வாளிகளை ஏற்றிக்கொண்டு போய் உருக்கிவிடுவார். ஆகவே சம்பந்தி பார்க்காமல் விட்டதை அதற்குப் பிறகு யாரும் பார்க்கப் போவதில்லை.

இந்த வேலைக்கு வருமுன் இருபத்திரண்டு வருஷம் படகுத்துறையில் டிக்கெட் கொடுத்தவர். கடைக்காரர் அவரை எடுத்த விதம் வேடிக்கை. ஒரு குவளைக் காசை மேசையில் கொட்டி, இதில் எது விசேஷம் என்று கேட்டிருக்கிறார். சம்பந்தி விரலால் இரண்டு தரம் அளைந்துவிட்டு, "விசேஷம் எதுவும் இல்ல. ஆனா இது காசே இல்ல, யாரோ தகரத்தை வெட்டித் தேச்சிருக்காங்க" என்று ஒன்றை எடுத்து நீட்டினாராம். அன்று மதியமே மேசை போட்டுக் கொடுத்துவிட்டார். ஒன்பது வருஷம் ஆகிறது.

அவர் பார்க்கும் முறையை நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. இந்த நாட்டில் ஐம்பது காசை ஒரு காலம்வரை வெள்ளியில் அடித்தார்கள். அப்புறம் அதே படம், அதே அளவு, ஆனால் நடுவில் செம்பு வைத்த மட்டமான உலோகம். முகத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பிரித்தால் பொழுது போய்விடும். சம்பந்தி இருபது இருபதாக அடுக்கி, அடுக்கை வெளிச்சத்தில் சாய்த்து விளிம்பைப் பார்ப்பார். மட்டக்காசின் விளிம்பில் பழுப்புக் கோடு ஓடும். வெள்ளிக்கு அந்தக் கோடு கிடையாது. பழுப்பு வரிசையின் நடுவே ஒரு வெள்ளைக் கீற்று. பார்த்தவுடன் நகத்தால் தள்ளி எடுத்துவிடுவார். ஒரு அடுக்குக்கு மூச்சு இழுத்துவிடும் நேரம்கூட ஆகாது.

நான் நோயாளிகளைக் கவனிக்கும் பயிற்சி எடுத்து முப்பத்தோரு வருஷம் அந்த வேலை பார்த்தவள். சம்பந்தி தண்ணீரை டம்ளருக்கு வெளியே ஊற்றியபோதே கண் மங்குகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் பல்பின் மேல் பழியைப் போட்டார். ஒரு வருஷத்தில் மூன்று பல்பு மாற்றியும் கடையில் வெளிச்சம் போதவில்லை என்று கடைக்காரரிடம் சண்டை. சர்க்கரை இருக்கிற உடம்பு, கண்ணில் புரை வேகமாக முற்றும் என்று சொன்னேன். "நீங்க யாரைப் பாத்தாலும் நோயாளியாத்தான் பாப்பீங்க சம்பந்தி" என்றார். கடைசியில் கையைப் பிடித்து இழுத்துப் போனேன். மருத்துவர் இரண்டு கண்ணிலும் புரை என்றார், வலது கண்ணில் முதலில் எடுத்துவிடலாம், இடது கண் பிறகு என்றார். சனிக்கிழமை அறுவை முடிந்தது. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள், அதனால் சொட்டு மருந்து போட நான் போய்த் தங்கினேன். குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது, தூசி ஆகாது. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். அவ்வளவு சுலபமாகத் தலையாட்டும் ஆள் இல்லையே என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

செவ்வாய் காலை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்ப்பதும், மாற்றி மூடிப் பார்ப்பதுமாக இருந்தார். பிறகு இந்தச் சுவர் என்ன நிறம் என்று கேட்டார். வெள்ளை என்றேன்.

"வலது கண்ணுக்கு வெள்ளை. இடது கண்ணுக்கு டீ கொட்டின மாதிரி இருக்கு."

புரை என்றால் அப்படித்தான், எல்லாம் பழுப்படிக்கும், கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதால் நமக்கே தெரியாது என்று விளக்கினேன். விளக்கி முடிக்கும் முன்பே என் பையைக் கொண்டுவரச் சொன்னார். அதிலிருந்த சில்லறையை அடுக்கி, ஒவ்வொரு கண்ணாலும் விளிம்பைப் பார்த்தார். அப்புறம் இன்று என்ன கிழமை என்று கேட்டார். உலோக வியாபாரி வாளிகளை எடுக்க வருவது அந்த வெள்ளிக்கிழமை.

அவருக்குப் புரிந்தது எனக்கும் புரிந்தது. வெள்ளையையே பழுப்பாகக் காட்டிய கண்ணை வைத்துக்கொண்டு, பழுப்புக் கோடு இல்லாத காசைத் தேடியிருக்கிறார். எத்தனை தவறியது, எப்போதிலிருந்து தவறியது, ஒன்றும் தெரியாது.

கடைக்குப் போகிறேன் என்று எழுந்தார். குனியக் கூடாது என்றேன். "நீங்க குனியுங்க" என்றார். பாரம் தூக்கக் கூடாது என்றேன். "நீங்க தூக்குங்க. முப்பத்தோரு வருஷம் ஆளையே புரட்டிப் போட்டவங்களுக்கு ஒரு வாளி பெரிசா?" என்றார். மருந்தையும் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

கடைக்காரர் நல்ல மனிதர், ஆனால் கடைக்காரர். கறுப்புக் கண்ணாடியோடு வந்து நிற்பவரைப் பார்த்து, இவ்வளவு சீக்கிரம் ஏன் வந்தீர்கள் என்று நாற்காலி போட்டார். சம்பந்தி உட்காரவில்லை.

"என் கண்ணு சரியில்லாம இருந்திருக்கு. ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ, எனக்கே தெரியல. நான் பாத்தது எதையும் நம்பாதீங்க. பின்னாடி இருக்கிற வாளி ஒண்ணுகூட வெளிய போகக்கூடாது. மொத்தத்தையும் திரும்பப் பாக்கணும்."

கடைக்காரர் பின்னறைப் பக்கம் பார்த்தார். ஒன்பது வாளி இருந்தது. அதற்கு முந்தையவை எல்லாம் போன தடவையே உருகிவிட்டன. அவற்றில் என்ன இருந்திருக்கும் என்று கேட்டார். தெரியாது என்றார் சம்பந்தி. கடைக்காரர் கொஞ்சம் மென்று விழுங்கிவிட்டு, நீங்கள் வீட்டில் ஓய்வெடுங்கள், நான் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அது ஒரு வாரத்து ஓய்வு இல்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"வேற ஆள் வைங்க, வேணாங்கல" என்றார் சம்பந்தி. "வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் வைங்க. இது என் கைபட்ட வாளி, நானே பாத்துக் கொடுத்துட்டுப் போறேன்."

வேலை ஆரம்பித்தது. வாளியைத் தூக்கும் பேச்சுக்கே இடமில்லை என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், எனக்கும் முதுகு ஒன்றுதான். தண்ணீர் மொள்ளும் குவளையால் மொண்டு மொண்டு மேசையில் கொட்டினேன். தூசி பறக்காமல் இருக்க ஈரத்துணி விரித்தேன். அவர் தலையைக் குனியாமல் இருக்க மேசைமேல் இரண்டு பெட்டி வைத்துத் தட்டைக் கண்மட்டத்துக்கு உயர்த்தினேன். இடது கண்ணை ஒரு பஞ்சு வைத்து மூடினேன். கடற்கொள்ளைக்காரி மாதிரி இருக்கிறீர்கள் என்றேன். "கொள்ளை போனது என்னோடது" என்று சொல்லிவிட்டு அடுக்க ஆரம்பித்தார்.

அறை நெருக்கம், கடைசியாக வைத்த வாளிதான் முன்னால் இருந்தது. அதிலிருந்து தொடங்கினோம். மூன்றாவது அடுக்கிலேயே ஒரு வெள்ளைக் கீற்று. எனக்கே தெரிந்தது. சாயங்காலத்துக்குள் அந்த ஒரு வாளியில் பதினொரு வெள்ளிக் காசு.

பதினொன்று. சம்பந்தி ஒரு தாளில் வாளியின் தேதியை எழுதி, பக்கத்தில் எண்ணை எழுதி, தாளைக் கடைக்காரர் முன் வைத்தார். கடைக்காரர் முகத்தில் பெருக்கல் ஓடியது. வாளிக்குப் பதினொன்று என்றால், உருகிப்போன வாளிகளில்? வீட்டுக்குத் திரும்பும்போது சம்பந்தி ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். நாளைக்கு ஒன்பது மணிக்கே போய்விட வேண்டும் என்றார்.

புதனன்று மூன்று வாளி. எட்டு, ஆறு, ஐந்து. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டு விட்டு ஐந்து நிமிஷம் கண்ணை மூடி உட்காரச் சொல்வேன். கண்ணைத்தான் மூடுவார், கை நிற்காது, தடவித் தடவி அடுக்கிக்கொண்டே இருக்கும். அப்படி ஒருமுறை மூடியிருக்கும்போது கை நின்றது. ஒரு காசைக் கட்டைவிரலால் உருட்டினார். விளிம்பு முழுக்க வரிவரியாகச் செதுக்கியிருக்க வேண்டும். இதில் பாதி விளிம்பு வழவழவென்று இருந்தது. அடிக்கும்போதே நேர்ந்த பிழை. கடைக்காரர் லென்ஸில் பார்த்துவிட்டு, இதை நாலு வருஷமாக ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று குரலை உயர்த்திச் சொன்னார். சம்பந்திக்குச் சந்தோஷம் வரவில்லை. இதைக் கண் தவறவிடவில்லை, விரல் தவறவிட்டது, கண்ணுக்குச் சிரமம் ஆனதும் விரலைக் கவனிக்க மறந்துவிட்டேன் என்று தாளில் தனியாக ஒரு வரி எழுதினார்.

வியாழன் காலை நாங்கள் போனபோது கடைக்காரர் சம்பந்தியின் மேசையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் செவ்வாய்க்கிழமை முடித்த வாளி. அதை அவர் முதலிலிருந்து திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்குச் சுருக்கென்றது. சம்பந்தி அசரவில்லை.

"எத்தனை கிடைச்சது?"

"ஒண்ணும் இல்ல" என்றார் கடைக்காரர், கொஞ்சம் கூச்சத்தோடு.

"முழுக்கப் பாத்தீங்களா?"

"முக்கால் வாளி."

"மிச்சத்தையும் பாருங்க. பாதியில விட்டா அது பாத்ததுல சேராது" என்று சொல்லிவிட்டு, பின்னறை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு அங்கேயே தட்டை வைக்கச் சொன்னார். கடைக்காரர் மீதிக் கால் வாளியையும் பார்த்துத்தான் எழுந்தார். அதிலும் ஒன்றும் இல்லை.

அன்று மூன்று வாளி. மூன்று, இரண்டு, இரண்டு. மத்தியானம் தாளை எடுத்துப் பார்த்தேன். எனக்கு அது பழகின தாள். வார்டில் கட்டிலின் காலடியில் தொங்கும் காய்ச்சல் அட்டை போலவே இருந்தது. தேதி, எண், தேதி, எண். கீழே போகப் போகக் காய்ச்சல் இறங்குகிறது.

"சம்பந்தி, இது காசுக் கணக்கு இல்ல. உங்க கண்ணோட அட்டை. ஆறு மாசத்துக்கு முன்னாடி உங்களுக்குக் காய்ச்சலே இல்ல."

அவர் தாளை வாங்கி வலது கண்ணுக்கு நேரே பிடித்தார். உதடு அசைய மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை படித்தார். அப்புறம், இன்னும் இரண்டு வாளி இருக்கிறது, அதற்குள் எதையும் முடிவு பண்ணாதீர்கள் என்று என்னையே அதட்டினார்.

வெள்ளிக்கிழமை முதல் வாளியில் ஒன்றுகூட இல்லை. கடைசி வாளி பாதியில் இருக்கும்போது உலோக வியாபாரி லாரியோடு வந்துவிட்டார். தெருவில் வண்டி நிறுத்த இடமில்லை, சீக்கிரம் ஆகட்டும் என்று கடைக்காரரை அவசரப்படுத்தினார். கடைக்காரர் சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி அடுக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வியாபாரி என்னிடம், இந்தம்மாதான் இங்கே முதலாளியா என்று கேட்டார். இன்றைக்கு அப்படித்தான் என்றேன். லாரியைத் தெருவைச் சுற்றிவரச் சொல்லிவிட்டு அவரும் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார்.

கடைசி வாளியில் ஒன்று. ஒரே ஒன்று. நல்ல கண் இருந்த காலத்திலும் ஒன்றிரண்டு தவறும், அது மனுஷக் கை என்றார் கடைக்காரர். முன்பே உருகிப்போன வாளிகளைப் பற்றிய பேச்சை அவர் அப்புறம் எடுக்கவே இல்லை.

வாளிகள் லாரியில் ஏறின. கடைக்காரர் திங்கட்கிழமை ஒரு மூட்டை வருகிறது என்று பொதுவாகக் காற்றிடம் சொல்வதுபோல் சொன்னார். வேறு ஆள் பற்றிப் பேச்சில்லை. நானாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பேன். சம்பந்தி விடவில்லை.

"திங்கட்கிழமை வரேன். ஆனா எனக்கு இன்னும் ஒரு கண்ணுதான். இடது கண்ணு அடுத்த மாசம். அதுவரைக்கும் நான் பாத்த வாளியை இன்னொரு ஆள் திரும்பப் பாக்கணும். எனக்குப் பதிலா இல்ல, எனக்கு அப்புறம்."

அதற்கு யாரைத் தேடுவது என்று கடைக்காரர் தலையைச் சொறிந்தார். வியாழக்கிழமை பார்த்தீர்களே, நீங்களே பாருங்கள், நன்றாகத்தான் பார்க்கிறீர்கள், கொஞ்சம் மெதுவு, பழகினால் வேகம் வந்துவிடும் என்றார் சம்பந்தி. பெட்டிமேல் இருந்த வியாபாரி சிரித்துவிட்டார். கடைக்காரர் சிரிக்கவில்லை. சரி என்றார்.